கண் அசராத பிற்பகல்

தூங்கிவிடக் கூடாது, பொழுது சாயும்வரை எப்படியாவது இழுத்துப் பிடித்துவிட்டால் போதும் என்று ஜெசிந்தா தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வது தம்பிக்கா தனக்கேவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எதிரே ஜெர்வாஸ் சுவரில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். சோறு உண்ட களைப்பு. அவன் இமைகள் பாதிவரை இறங்கி, எதிலோ தடுக்கியதுபோல அங்கேயே நின்று, மறுபடி மெல்ல ஏறின. "ஏல," என்றாள். "முழிச்சுத்தான்க்கா இருக்கேன்," என்றான் அவன், வெகுதூரத்திலிருந்து வருகிற குரலில். மாடி வீடு. தலைக்கு மேல் மொட்டைமாடி காய்ந்துகொண்டிருந்தது. மின்விசிறி வெந்த காற்றையே திருப்பித் திருப்பிக் கீழே தள்ளியது. சன்னலுக்கு அப்பால் தூத்துக்குடியின் வெயில், உப்பளத்தில் பட்டுத் தெறித்து வருகிற வெயில், பார்த்தாலே கண்ணைக் கூசவைத்து மூடச்சொல்லும் வெயில். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பகலில் தம்பியைக் கண் அசர விடாதீங்க ஜெசிந்தா, பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் தின்னுடும் என்று மனநல டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு தூக்கம் இன்னொரு தூக்கத்தைத் தின்னுமா? தின்னும். ஒரே வயிற்றில் ஒட்டிக் கிடக்கும் இரண்டில் ஒன்று மற்றதன் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். யார் சொன்னது? ஏன் இப்போது இது ஞாபகம் வர வேண்டும்? அவர்கள் இருவரும் இரட்டையர். அவள் முந்திக்கொண்டு வந்துவிட்டாள், அவன் பின்னால் வந்தான். அந்தக் கொஞ்ச நேர வித்தியாசத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிடும்படி அம்மா அவனைப் பழக்கினாள். நாற்பது தாண்டியும் அவன் அதை விடவில்லை.

ராத்திரிகளில் அவன் நடந்தான். முன்னறையிலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து முன்னறைக்கு. அவளை எழுப்பிவிடக் கூடாதென்று பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி நடப்பான். அந்தக் கவனம்தான் அவளை எழுப்பியது. தடதடவென்று நடந்திருந்தால்கூடத் தூங்கியிருப்பாள். கதவுத் தாழ்ப்பாளை விரலால் தொட்டுப் பார்ப்பான். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து தண்ணீர் பிடித்துக் குடிப்பான். பிறகு யாருக்கோ பதில் சொல்வதுபோல ஒரு முணுமுணுப்பு. அவள் தூங்குவதுபோலக் கிடப்பாள். அவள் தூங்குவதாக நம்புவதுபோல அவன் நடப்பான். இருவரும் விடியும்வரை இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டார்கள். ஒரு மாத்திரை தவறவில்லை. பகலில் காப்பியை நிறுத்திவிட்டாள். விடிந்ததும் வெளிச்சம் முகத்தில் படட்டும் என்று கடற்கரைச் சாலைவரை நடத்திக் கூட்டிப்போனாள். சாயங்காலமானால் டிவியை அணைத்தாள். படுக்கிற நேரத்தை ஒழுங்கு பண்ணினாள். சொன்னது எல்லாம் செய்தாள். ஆனாலும் தூக்கம் கோபித்துக்கொண்டு போனதுபோலப் போய்விட்டது. நோய் திரும்பும்போதெல்லாம் முதலில் போவது அதுதான். பேச்சு குழம்புவதற்கு முன்னால், சந்தேகம் வருவதற்கு முன்னால், தூக்கம் போகும். வீட்டைவிட்டுப் போகிறவர்கள் முதலில் செருப்பை எடுத்து வாசலில் வைப்பதுபோல.

அந்தச் செருப்பை முதல் தடவை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "எம்புள்ள விடிய விடியப் படிக்கான்," என்று அம்மா பூசை முடிந்து வருகிற வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மாதா சிலை நிற்கும் கெபியில் மெழுகுதிரி ஏற்றினாள். ஜெசிந்தா தேயிலைத் தண்ணி போட்டுக் கொடுத்தாள். நல்ல கடுப்பமாய்ப் போடுக்கா என்பான், இஞ்சி தட்டிப் போடுவாள். அவன் முன்னால் விரித்து வைத்த புத்தகத்தின் பக்கம் நாள்கணக்கில் திரும்பவே இல்லை என்பதை அவள் பார்த்தாளா? பார்த்தாள். பார்த்துவிட்டுத் தேயிலைக் குவளையை அந்தப் பக்கத்தின்மேலேயே வைத்தாள், வட்டமாய் ஒரு கறை விழுந்தது. அதற்காகக்கூட அவன் திட்டவில்லை, அதையாவது யோசித்திருக்கலாம். நோய் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இவர்கள் தேயிலை போட்டுக் கொடுத்து, மெழுகுதிரி ஏற்றி, ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறார்கள். ஏன் அவனுக்கு? ஒரே நாளில் ஒரே வயிற்றிலிருந்து வந்த தனக்கு ஏன் இல்லை? அவள் ஒருதடவை கேட்டும்விட்டாள். அப்படிப் பார்க்கக் கூடாதும்மா, ஆணும் பெண்ணுமாய்ப் பிறந்தவர்கள் சாதாரண உடன்பிறப்பு மாதிரிதான், உங்க வயசுக்கு இனி வர வாய்ப்பும் கம்மி என்று டாக்டரம்மா சொன்னார். கம்மி என்றார், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கம்மிக்குள் அவள் பல வருஷங்களாகக் குடியிருக்கிறாள்.

"ஏல, கண்ணை மூடாத." இமை ஏறியது. சும்மா உட்கார்ந்தால் ஆகாது என்று எழுந்துபோய்ச் சின்ன வெங்காயக் கூடையை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். "உரி." "இவ்வளவும் எதுக்குக்கா?" "குழம்புக்கு." "கல்யாண வீட்டுக் குழம்பா?" அவன் சிரித்தான். சிரிப்பு வந்தது நல்லது. ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் உதடு அப்படியே கொஞ்சநேரம் நின்றது, அது நல்லதில்லை. அவள் எல்லாவற்றையும் இப்படித்தான் எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு வெங்காயமாய் எடுத்து, நுனி கிள்ளி, மெல்லிய சருகு கிழியாமல் சுற்றி எடுத்து, வெள்ளையாய் அகப்பட்டதைத் தட்டில் ஓசைப்படாமல் வைத்தான். இருவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதியது, அடிவயிற்றிலிருந்து நீளமாய். அவன் கை நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டான். அவள் வெங்காயத்தைப் பார்ப்பதுபோல அவனையே பார்த்தாள். "என்ன சொல்லுது?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது பேசுகிறது என்று தானும் ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் அவன் அங்கே தனியாக நிற்பான். அவள் வேலை பார்ப்பது ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில்தான். எந்தக் கப்பல் எப்போது கரைக்கு வருகிறது, எது கிளம்புகிறது என்று எழுதி எழுதியே அவள் காலம் போகிறது. அந்த வேலைக்கு ஒரு வாரமாய் லீவு சொல்லியாகிவிட்டது. "நிலக்கரிக் கப்பலாயிருக்கும்," என்றாள். "ம்," என்றான் அவன், அவளுக்காக ஒத்துக்கொள்கிறவன்போல.

தூக்கம் இப்படியே வராமல் போனால் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, ஆரம்பத்துலயே வந்தா கொஞ்ச நாள்ல அனுப்பிடலாம் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொல்லி நாளாகிவிட்டது. இன்று ராத்திரி பார்ப்போம், இன்று ராத்திரி பார்ப்போம் என்று அவள் தள்ளிக்கொண்டே வந்தாள். தள்ளாமல் என்ன செய்வது? போன தடவை தாமதித்துத்தான் கூட்டிப்போனாள், அப்போது கூட்டிப்போகிற நிலையில் அவன் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. கட்டைவிரல் தடிமனான கைகள். துண்டால் அவன் மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டினார்கள். படிக்கட்டில் இறக்கும்போது கீழ்வீட்டுக் கதவு கொஞ்சமாய்த் திறந்து மூடியது. எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஈரச்சேலையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அக்கா, நீ சொல்லுக்கா, நான் நடந்தே வாரேன்னு சொல்லுக்கா," என்றான். அவள் சொல்லவில்லை. திரும்பி வந்தபிறகு ஒருநாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமே உன்னை அங்கே விடமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். யாரும் கேட்காத வாக்கு. அதுதான் இப்போது வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு வழிவிட மாட்டேன் என்கிறது. அவள் தலை ஒருபக்கமாய்ச் சரிந்தது, சட்டென்று நிமிர்த்திக்கொண்டாள். எவ்வளவு நேரம்? தட்டில் வெங்காயம் கூடியிருந்தது. ஜெர்வாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெயில்," என்றாள். "சர்பத் போடட்டா?" "போடேன்."

அடுக்களைக்குப் போகிற அந்தச் சில எட்டுகளுக்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் சர்பத் போட மட்டும் போகவில்லை என்று. மசாலாச் சாமான் அடுக்குக்குப் பின்னால் பழைய தூக்க மாத்திரை இருந்தது. டாக்டரம்மா நிறுத்தச் சொன்னது. அதைப் போட்டால் அவன் தூங்குவான், ஆனால் எழுந்து நடக்கையில் கால் பின்னி விழுவான். ஒருதடவை குளியலறையில் விழுந்து நெற்றி பிளந்தது. வேறு மாத்திரையோடு சேரவே கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். அவளும் தூர எறிகிறேன் என்று சொல்லிவிட்டு எறியாமல் வைத்திருந்தாள். அம்மா இதைத்தான் செய்தாள். அவனுக்குத் தெரியாமல் மாத்திரையைக் குழம்பில் கலந்தாள், தோசைமாவில் கலந்தாள். வேறு வழி தெரியாத ஒருத்தி என்ன செய்வாளோ அதைச் செய்தாள். அவன் ஒருநாள் தோசையைப் பிட்டு, உள்ளே வெள்ளையாய் ஒரு பொடியைப் பார்த்து, தட்டை நகர்த்தி வைத்தான். அன்றிலிருந்து தோல் உள்ளதை மட்டும் தின்றான். வாழைப்பழம். ஆரஞ்சு. ஓட்டோடு அவித்த முட்டை, அதையும் அவனே உரிப்பான். அம்மா ஒருநாள் மறதியாய் முட்டையை உரித்துக் கொடுத்துவிட்டாள். கையில் வழுவழுவென்று அந்த முட்டையை ஏந்திக்கொண்டு நின்றாள், அவன் வாங்கவில்லை. தாய் கையிலிருந்து வாங்கித் தின்னாத பிள்ளை. அம்மா செத்தது அந்த வருஷம்தான். முட்டையை ஏந்தின கையோடுதான் ஜெசிந்தாவின் கனவில் வருவாள், கனவு வருகிற அளவுக்குத் தூங்கிய நாள்களில்.

இன்று ஒருநாள். ஒன்றே ஒன்று. நன்னாரியின் கருப்பில் நிறம் தெரியாது, எலுமிச்சை பிழிந்தால் கசப்பும் தெரியாது. அவன் தூங்கினால் தானும் தூங்கலாம். அதற்காகத்தானா? அவனுக்காகவா, தனக்காகவா? தூக்கம் இல்லாத மூளையில் இந்தக் கேள்வி மாவில் விழுந்த ஈபோல நகர மாட்டாமல் கிடந்து துடித்தது. கரண்டியின் முதுகால் மாத்திரையை அழுத்தினாள். நறுக்கென்றது. காதில் இடிவிழுந்ததுபோல இருந்தது. மூச்சைப் பிடித்துக் கேட்டாள், முன்னறையில் வெங்காயச் சருகின் சத்தம் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள், பொடித்தாள், அவனுடைய சில்வர் தம்ளரில் தட்டி, இரண்டு தம்ளரிலும் சர்பத்தை ஊற்றி, பிழிந்து, கலக்கினாள். கலக்கும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "ஜெசீ." அம்மாவின் குரல். இழுத்துக் கூப்பிடுகிற அதே இழுப்பு, கடைசியில் லேசாய் உயர்கிற அதே உயர்ச்சி. அவள் திரும்பினாள். சுவர். சுவரில் மாட்டிய வடிதட்டு. எங்கோ குக்கர் விசில். அவ்வளவுதான், குக்கர் விசில்தான், விசில் பெயர் சொல்லிக் கூப்பிடுமா, தூக்கம் இல்லாதவர்களுக்குக் கண் செருகும்போது இப்படிக் கேட்கும், எல்லாருக்கும் கேட்கும், ஆனால் தான் செருகவில்லையே, நின்றுகொண்டிருந்தாளே, கையில் கரண்டி இருந்ததே. மறுபடி கேட்குமா என்று காத்து நின்றாள். காத்து நிற்பதுதான் பயமாக இருந்தது. அந்தக் காத்திருப்புக்குள் ஒரு ஆசையும் கலந்திருந்ததோ அதைவிடப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் அடுக்களை வாசலில் ஜெர்வாஸ் நின்றான்.

"யாரு கூப்பிட்டா?" என்று கேட்டான். "யாருமில்ல. நீ ஏன் எந்திரிச்ச?" "நீ திரும்பினியே." "சும்மா திரும்பினேன்." "இல்லக்கா." அவன் குரல் தாழ்ந்தது, நோயாளி இருக்கிற அறையில் பேசுகிறவன்போல. "பேரு சொல்லிக் கூப்பிட்டா எப்படித் திரும்புவாங்கன்னு எனக்குத் தெரியும். மொதல்ல பேருதான் கூப்பிடுவாங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தெரிஞ்ச குரலாத்தான் வரும்." அவள் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ பதில் சொன்னியா?" "இல்ல." "சொல்லாத. நான் சொல்லிட்டேன். காலேஜ்ல படிக்கையில. நீதான் கூப்பிடுதன்னு நெனைச்சு, என்னக்கான்னேன். நீ அடுத்த அறையில தூங்கிட்டிருந்த. அதுக்கப்புறம் அவங்க விடல." இத்தனை வருஷத்தில் இதை அவன் சொன்னதில்லை. அவள் குரலிலா? தன் குரலில் வந்தா முதன்முதலில் அவனைக் கூட்டிப்போனார்கள்? அவள் இஞ்சி தட்டிப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்த பிறகு, அவள் குரலை எடுத்துக்கொண்டு யாரோ அந்த விளக்கடிக்குப் போயிருக்கிறார்கள். அவன் அவள் முழங்கையைத் தொட்டு, கூட்டிவந்து, முன்னறை நாற்காலியில் உட்கார வைத்தான். "நீ தூங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டான். அவள் அவனிடம் தினமும் கேட்கிற கேள்வி அது. "தூங்காம இருந்தா வழி தெறந்துக்கிடும்க்கா. நீ தூங்கணும். இப்பவே தூங்கு. நான் பக்கத்துல இருக்கேன்." "நான் தூங்கினா நீயும் தூங்கிருவ." "தூங்க மாட்டேன். வெங்காயம் இருக்குல்லா." அவள் மறுக்க வாயெடுத்தாள். எடுத்த வாய் எங்கே போனதென்று தெரியவில்லை.

கடலுக்குள் இறங்குவதுபோல இருந்தது, உப்பும் இல்லாமல் அலையும் இல்லாமல், கீழே கீழே. யாரோ கையில் வெள்ளையாய் எதையோ ஏந்திக்கொண்டு நின்றார்கள். வாங்கிக்கொள்ள நீட்டின கை தன்னுடையதா அவனுடையதா என்று பார்ப்பதற்குள் விழிப்புத் தட்டியது. வெயில் சன்னலைவிட்டு இறங்கி, சுவரின் அடியில் மஞ்சளாய்க் கிடந்தது. சன்னல் கதவு ஒன்று அவள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டிருந்தது. கூடையில் ஒரு வெங்காயம்கூட மிச்சமில்லை. ஜெர்வாஸ் தரையில் அவள் காலருகே உட்கார்ந்திருந்தான். கண்கள் செக்கச்சிவந்து, வீங்கி, விரியத் திறந்திருந்தன. "சத்தமே இல்லாம தூங்கின," என்றான் பெருமையோடு. "அவங்ககிட்ட சொல்லிட்டேன், அக்கா இப்பத்தான் தூங்குதா, இன்னைக்கு ஒருநாள் சும்மா இருங்கன்னு." "கேட்டாங்களா?" கேட்ட பிறகுதான், தான் கேட்டுவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. "கேட்டாங்க. உனக்குன்னா கேப்பாங்க." உனக்கென்றால். அவர்களுக்கு அவளைத் தெரியும். இத்தனை வருஷமும் அவன் தலைக்குள் இருந்துகொண்டு அவர்கள் அவளைப் பார்த்திருக்கிறார்கள், அவள் நடப்பதை, சமைப்பதை, பொய்த் தூக்கம் தூங்குவதை. அவன் எழுந்து அடுக்களைக்குப் போனான். "சர்பத்தக் குடிக்கவே மறந்துட்டோம் பாத்தியா," என்று இரண்டு தம்ளரையும் எடுத்துவந்தான். அவளுடையதை அவளிடம் கொடுத்தான். தன்னுடையதை வாய்க்குக் கொண்டுபோனான்.

குடிக்கட்டும். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும். அவனே எடுத்தான், அவனே குடிக்கிறான், அவள் கொடுக்கக்கூட இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது, இனி தூங்கினால்கூடக் குற்றமில்லை. அந்த ஒரு நிமிஷம் ஓர் அறைபோல விரிந்தது, அவள் அதற்குள் அங்குமிங்கும் பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தாள். "குடிக்காத," என்றாள். அவன் நிறுத்தினான். "ஏன்?" "மாத்திரை கலந்திருக்கேன். பழைய மாத்திரை." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் உரித்த வெங்காயத்தைப் பார்த்தாள். இனி இவன் தன் கையாலும் வாங்கித் தின்ன மாட்டான். இனி ஆரஞ்சும் முட்டையும்தான். இனி எல்லாம் தோலோடு. தம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நிதானமாய் வைத்தான். கீழே தெருவில் மீன்காரர் மணியடித்துக்கொண்டு போனார், அந்தச் சத்தம் முனைவரை போய்த் திரும்பியது. "அம்மா சொல்லவே இல்ல," என்றான் ஜெர்வாஸ். "நான் கேட்டேன்க்கா. இதுல என்னம்மான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல ராசான்னா." அவன் தம்ளரை ஓரமாய் நகர்த்தினான். "நீ சொல்லிட்ட." பிறகு, "அந்த டாக்டரம்மா இப்ப இருப்பாங்களா?" என்று கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. "எனக்கு இன்னைக்கும் தூக்கம் வராதுக்கா. எனக்குத் தெரியும். நான் முழிச்சிருந்தா நீயும் முழிச்சிருப்ப. உன்னைக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க." "உன்னை அங்க விடமாட்டேன்னு சொன்னேன்ல." "நீ விடாண்டாம். நான் போறேன். யாரும் வராண்டாம், கைய கட்டாண்டாம். நடந்தே வாரேன்." அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெங்காய நெடியில் ஏற்கெனவே எரிந்த கண்ணில் அழுகை வேறு காந்தியது. அவன் அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான். பிறகு போய், கொடியில் கிடந்த தன் கட்டம்போட்ட சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தானை மேலிருந்து கீழே ஒன்றுவிடாமல் மாட்டினான்.

டாக்டரம்மா போனில் உடனே வரச்சொன்னார். பயப்படாதீங்க, இந்தத் தடவை சீக்கிரமே வாரீங்க, உங்க தூக்கத்தைப் பத்தியும் பேசுவோம் என்றார். அவள் அடுக்களைக்குள் போய்த் அவன் தம்ளரைக் கொட்டிக் கழுவினாள், மிச்சமிருந்த மாத்திரையை ஒரு தாளில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், டாக்டரிடம் ஒப்படைத்துவிட. படிக்கட்டில் ஜெர்வாஸ் முன்னால் இறங்கினான். கீழ்வீட்டுக் கதவு இன்றும் கொஞ்சம் திறந்தது, அவன் அதைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்," என்று சொல்லிக்கொண்டே போனான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் காற்று வந்தது, கடலும் கருவாடும் கலந்த காற்று. பயம் போய்விடவில்லை, பக்கத்தில் இடம் பிடித்து அதுவும் உட்கார்ந்து வந்தது. அங்கே போய் அவன் மனம் மாறினால்? இரும்புக் கதவைப் பார்த்ததும் அவன் கால் பின்வாங்கினால்? அதைவிட, அவனை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பி, விளக்கை அணைத்து, படுத்து, யாரும் நடக்காத அந்த முன்னறையைக் கேட்டுக்கொண்டு அவள் எப்படிக் கிடப்பாள்? ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. வண்டி நின்றது. பின்னால் லாரிகளும் பைக்குகளும் வந்து அடைத்துக்கொண்டு நின்றன. சரக்கு ரயில் ஒன்று, நிலக்கரி குவித்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வந்தது. தடக் தடக்கென்று பெட்டிக்குப் பெட்டி ஒரே தாளம். அவள் தோளில் ஏதோ கனத்தது. ஜெர்வாஸின் தலை. வாய் லேசாய்த் திறந்திருந்தது. மூச்சு, அவளுக்கு மறந்தே போயிருந்த அந்த மூச்சு, ஆழத்திலிருந்து ஏறி ஆழத்துக்கு இறங்கியது. இன்னும் இருட்டவில்லை, எழுப்ப வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. அவள் எழுப்பவில்லை. ரயில் முடிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். முடிந்தது. கேட் உயர்ந்தது. பின்னாலிருந்து எல்லா ஹாரனும் ஒன்றாய்க் கத்தின. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே," என்றாள், உதட்டை மட்டும் அசைத்து. "தூங்கிட்டான்." அவர் ஒருதடவை திரும்பி அவனைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார், இறங்கிப் பின்னால் போய்க் கையைக் காட்டி, "ஒதுங்கிப் போங்க, ஒதுங்கிப் போங்க, வண்டி நின்னு போச்சு," என்று ஒவ்வொன்றாய்ச் சுற்றிவிட ஆரம்பித்தார். வண்டிகள் இருபுறமும் உரசிக்கொண்டு திட்டிக்கொண்டு போயின. தூக்கத்தில் ஜெர்வாஸின் உதடுகள் அசைந்தன. அங்கே யாரிடமோ அவன் மெல்ல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்சம் குனிந்து காதைக் கொடுத்திருந்தால் என்ன சொல்கிறான் என்று கேட்டிருக்கும். ஜெசிந்தா குனியவில்லை. தண்டவாளத்துக்கு அப்பால் தெருவிளக்குகள் எரியத் தொடங்குவதைப் பார்த்தபடி நேராய் உட்கார்ந்திருந்தாள்.